27 டாலர் 20 சென்ட்: கட்டினது யார்?

கல்லணைக்காரன்:
நேற்று இன்னொரு திரியில் ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார்: "வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், பன்முகத்தன்மை என்ற பெயரில் ஒவ்வொரு மாணவனிடமும் 27 டாலர் 20 சென்ட் தண்டம் வாங்குகிறார்கள்." படித்ததிலிருந்து எனக்கு மண்டை காய்கிறது. ஐயா, அந்தக் காசை ஒருத்தரும் கட்டவில்லை. 2019 ஏப்ரலில் மாணவர்களே ஓட்டுப் போட்டு, அந்தக் காலத்தில் விற்கப்பட்ட அடிமைகளின் வாரிசுகளுக்காக செமஸ்டருக்கு 27.20 நாங்களே தருகிறோம் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆதரவு. நிர்வாகம் அதைக் கட்டணமாக்கவே இல்லை. நன்கொடை திரட்டி ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் தருகிறோம் என்று அக்டோபரில் சொல்லி முடித்துக்கொண்டது.

செல்லாக்காசு:
அந்தப் புண்ணியவான் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். ஓட்டு நடந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். எதிர்த்துப் போட்ட மூன்றில் ஒரு பங்குக்காரன் என்ன பாவம் செய்தான்? வியட்நாமிலிருந்து அகதியாக வந்தவரின் மகள் எதற்கு 27.20 கட்ட வேண்டும்?

கல்லணைக்காரன்:
கட்டவில்லை. திரும்பச் சொல்கிறேன், கட்டவில்லை.

கோடைமழை:
அது ஏன் 27.20 என்று தெரியாதவர்களுக்காக: 1838இல் ஜார்ஜ்டவுன் கல்லூரியை நடத்திய மேரிலாந்து இயேசு சபையார் 272 அடிமைகளை 1,15,000 டாலருக்கு லூயிசியானாவுக்கு விற்றார்கள். கல்லூரி கடனில் இருந்தது. அந்த 272தான் 27.20 ஆனது. விற்பனைப் பத்திரம் இணையத்திலேயே இருக்கிறது. முதல் பெயர் ஐசக், வயது 65. அடுத்து மூத்த மகன் சார்லஸ், 40. மகள் நெல்லி, 38. அப்படியே பேரன் பேத்தி வரை இறங்குகிறது. குடும்பங்களைப் பிரிக்கக்கூடாது, பணத்தைக் கடனுக்குப் போடக்கூடாது என்று ரோம் விதித்த நிபந்தனையும் காற்றில் போனது. சரி, பாகுபாடு என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமா?

செல்லாக்காசு:
பாடத்துக்கு நன்றி டீச்சர். அந்த 272 பேரின் வாரிசுகளுக்குச் சேர்க்கையில் சலுகை என்று 2016இல் அறிவித்தார்களே, அது என்னவாம்?

கல்லணைக்காரன்:
பழைய மாணவரின் பிள்ளைக்கும் பேராசிரியரின் பிள்ளைக்கும் காட்டுகிற அதே சலுகைதான். அந்தப் பிள்ளைகள் உள்ளே போனபோது நீங்கள் ஒரு திரியும் திறக்கவில்லையே? அப்புறம் அந்த 27.20: கட்டவில்லை.

வல்லிபுரத்தான்:
ஜோர்ஜ்டவுனில் 1874இலேயே கறுப்பினத்தவர் ஒருவர் தலைவராக இருந்தவர், பற்றிக் ஹீலி. அப்பிடிப்பட்ட இடத்தைப் போய் இனவாதம் எண்டு சொல்லலாமோ?

கோடைமழை:
ஹீலியின் அம்மா அடிமை, அப்பா அயர்லாந்துக்காரர். ஊருக்கு அவர் வெள்ளைக்காரராகத்தான் தெரிந்தார். கறுப்பர் என்று வெளியே சொல்லியிருந்தால் அந்த நாற்காலி கிடைத்திருக்குமா?

பொரிகடலை:
ஜோர்ஜா? அண்ணே, நான் சென்னை ஜார்ஜ் டவுன்காரன். காது வலிக்கிறது.

வல்லிபுரத்தான்:
நாங்கள் எழுதுறதுதான் உச்சரிப்புக்குக் கிட்ட, தம்பி. நீங்கள் பிரிட்டிஷ்காரன் வைச்ச பேரையே பிழையாச் சொல்லிக்கொண்டு இருக்கிறீங்கள்.

கல்லணைக்காரன்:
உச்சரிப்புச் சண்டைக்குத் தனித் திரி போடுங்கள். இங்கே விஷயம் வேறு. போன வருஷம் கொல்லிமலைக்கு 72 கொண்டை ஊசி வளைவு என்று மூன்று நாள் சாதித்தவர் இந்தச் செல்லாக்காசு. 70தான் என்று படம் போட்டுக் காட்டியும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அதே ஆள்தான் இப்போது 27.20 என்று வந்து நிற்கிறார்.

செல்லாக்காசு:
மலையை இழுக்காதீர்கள். உங்கள் திருச்சி மேலப்புதூரில், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்துச் சுவர் வைத்தார்களே, அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பீர்களா? அமெரிக்காவுக்கு மட்டும் முழங்கால் போடுவீர்கள்.

கல்லணைக்காரன்:
எழுதினேன். செத்த பிறகும் சாதி பார்க்கிறவன் சிலுவை போட்டு என்ன பயன் என்று இதே தளத்தில் எழுதினேன். அந்தத் திரியில் நீங்கள் போட்ட பதில் ஒரே ஒரு சிரிப்புப் பொம்மை.

செல்லாக்காசு:
அது தட்டச்சுப் பிழை.

கோடைமழை:
2017இல் மன்னிப்புக் கேட்டார்கள். விற்பனையை நடத்திய மல்லடி பெயரிலிருந்த கட்டடத்துக்கு அந்த ஐசக்கின் பெயரையே வைத்தார்கள். 2021இல் இயேசு சபை 10 கோடி டாலர் திரட்டுவதாக உறுதி சொன்னது. இதையெல்லாம் யாராவது படிக்கிறீர்களா?

செல்லாக்காசு:
படித்தேன். பெயர்ப்பலகை மாற்றினது யார் பணத்தில்? மாணவனின் 27.20.

கல்லணைக்காரன்:
பலகை மாறியது 2017. ஓட்டு 2019. பணம் பின்னோக்கி நடந்து போய்ப் பலகை வாங்கியதா? கட்டவில்லை ஐயா, கட்டவில்லை, கட்டவே இல்லை.

பொரிகடலை:
எனக்கு இதில் ஒன்றுதான் புரிந்தது, யாரோ கட்டவில்லை.

செல்லாக்காசு:
ஆபீஸ் நேரம். ராத்திரி வந்து வைத்துக்கொள்கிறேன்.

கல்லணைக்காரன்:
வாருங்கள். வரும்போது அந்த மிச்ச ரெண்டு வளைவையும் கையோடு கொண்டு வாருங்கள்.