ஆய்வு மாநாட்டுக்கு நோயாளியாகப் போனவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

கணக்கு டீச்சர்:
எனக்கு முடக்குவாதம் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் முதன்முறையாக ஒரு மருத்துவ ஆய்வு மாநாட்டில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டு நிமிடம். "உங்கள் வலியைச் சொல்லுங்கள், கேட்பவர் மனம் உருக வேண்டும்" என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். உருக்கினேன். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். கைதட்டல் ஓய்ந்ததும் அமர்வுத் தலைவர், "சரி, இனி அறிவியலுக்கு வருவோம்" என்றார். அதுவரை நான் பேசியது என்னவாம்?

மூட்டுகளின் காலை விறைப்பைப் பற்றிய அமர்வைக் காலை ஏழரை மணிக்கு வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் என்னால் பற்பசை மூடியைக்கூடத் திருக முடியாது. அதனால் போகவில்லை.

கழுத்தில் தொங்கும் அட்டையில் மற்றவர்களுக்குப் பட்டமும் பல்கலைக்கழகமும் இருந்தன. எனக்குப் பெயருக்குக் கீழே "நோயாளி" என்று மட்டும். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துத்தான் கண்காட்சிக் கூடத்தின் வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே மருந்து நிறுவனங்களின் அரங்குகள் இருக்கின்றனவாம். அந்த மருந்துகளை இத்தனை ஆண்டுகளாக விழுங்குகிறவள் நான்; விளம்பரப் பலகையைப் பார்த்தா கெட்டுவிடுவேன்?

வாரம் மூன்று நாள்:
டீச்சர், வாசலில் நிறுத்தியதற்குச் சட்டக் காரணம் ஒன்று உண்டு. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யப் பல நாடுகளில் தடை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அப்படித்தான். ஆனால் அதை முன்கூட்டியே ஒரு வரி எழுதித் தெரிவித்திருக்கலாம், பத்துப் பேர் பார்க்கத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம்.

என் குறை வேறு. நான் டயாலிசிஸில் இருக்கிறேன். வெளியூர் மாநாடு என்றால் பயணச்சீட்டு, விடுதி எல்லாம் போக, அங்கே ஒரு மையத்தில் டயாலிசிஸுக்கும் இடம் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் என் கைப்பணத்தைப் போட்டேன். ஒரு ரசீதில் தேதி மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பணம் வர நான்கு மாதம் ஆயிற்று. மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூவருக்கும் அது சம்பள நாள். எனக்குச் சம்பளமில்லா விடுப்பு.

'பேஷன்ட்ஸ் இன்க்ளூடட்' (நோயாளிகளும் உட்பட) என்று மாநாடுகளுக்கான சாசனம் ஒன்று 2015-இல் வந்தது. ஐந்தே விதிகள். திட்டமிடும்போதே நோயாளிகளோ பராமரிப்பவர்களோ உடனிருக்க வேண்டும் என்பது முதல் விதி. நிகழ்ச்சியில் பங்கேற்கும் நோயாளியின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் முழுதாக, முன்பணமாகவே தர வேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது. அதை நான் அச்செடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஆனால் 'இந்தச் சாசனப்படி நடக்கிறோம்' என்ற முத்திரையை ஏற்பாட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே குத்திக்கொள்ளலாம். ஆகவே முத்திரையைப் பார்த்து மயங்காதீர்கள். பணம் எப்போது வரும் என்று கேளுங்கள்.

புள்ளிவிவரக்காரன்:
நான் எதிர்ப்பக்கத்து ஆள், நிகழ்ச்சிக் குழுவில் இருந்தவன். டீச்சருக்கு நடந்ததை நானும் பிறருக்குச் செய்திருக்கிறேன். அமர்வுகளையெல்லாம் பத்து மாதம் முன்பே முடிவு செய்துவிடுவோம். கடைசி ஆறு வாரத்தில் யாராவது, "ஒரு நோயாளி வேண்டுமே" என்பார். ஒரு மருத்துவர் தன்னிடம் வருகிறவர்களில் நன்றாகப் பேசுகிறவராகப் பார்த்து அனுப்பிவைப்பார். அவருக்கு எட்டு நிமிடம். அத்தோடு எங்கள் கடமை முடிந்தது.

"அறிவியலுக்கு வருவோம்" என்ற அந்தத் தலைவருக்கு டீச்சரின் நோயிலேயே பதில் இருக்கிறது. மூட்டு நோய்களுக்கான மருந்துச் சோதனைகளில் எதையெதை அளப்பது என்று தீர்மானிக்க 1992 முதல் ஓமெராக்ட் கூட்டங்கள் நடக்கின்றன. 2002-இல்தான் நோயாளிகளைப் பங்கேற்பாளர்களாக உட்காரவைத்தார்கள். அதுவரை வீங்கிய மூட்டுகளை எண்ணிக்கொண்டும் வலிக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டும் இருந்தவர்களிடம் அவர்கள், "எங்களைப் படுக்கவைப்பது அயர்ச்சி, அதை நீங்கள் கண்டுகொள்வதே இல்லையே" என்ற பொருள்படக் கேட்டார்கள். முடக்குவாத ஆய்வுகளில் அயர்ச்சியையும் அளக்க வேண்டும் என்று அடுத்த சில ஆண்டுகளில் முடிவாயிற்று. இது உருக்கமா, அறிவியலா?

இப்போது எங்கள் குழுவில் நோயாளிகள் இருவர் இருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே ஒருவர் ஓர் ஆய்வுச் சுருக்கத்தை எடுத்து, "'பதினாறு நோயாளிகள் சிகிச்சையில் தோல்வியடைந்தனர்' என்று இருக்கிறதே, தோற்றது மருந்தல்லவா?" என்று கேட்டார். அந்தச் சொற்றொடரை நானே எத்தனை முறை எழுதியிருப்பேன்!

பழைய ஆள்:
எச்ஐவியோடு வாழ்கிறேன். அட்டையில் "நோயாளி" என்று போட்டிருந்ததைப் படித்ததும் அமெரிக்காவின் டென்வர் நகரம்தான் நினைவுக்கு வந்தது. 1983-இல் அங்கே நடந்த ஒரு சுகாதார மாநாட்டில் எய்ட்ஸ் வந்தவர்கள் தாங்களே கூடி அறிக்கை எழுதி வாசித்தார்கள். எங்களைப் 'பலியானவர்கள்' என்று சொல்லாதீர்கள், நோயாளிகளாகவும் நாங்கள் எப்போதாவதுதான் இருக்கிறோம், 'எய்ட்ஸ் உள்ள மனிதர்கள்' என்று சொல்லுங்கள் என்றார்கள். முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் இடம் வேண்டும் என்றும் கேட்டார்கள். 1989-இல் மாண்ட்ரியாலில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், தொடக்க விழா மேடையில் ஏறி மாநாட்டைத் தாங்களே தொடங்கிவைத்துவிட்டார்கள்.

வீங்கிய முழங்காலோடு மேடையில் பாயச் சொல்லவில்லை, டீச்சர். அட்டையில் என்ன போட வேண்டும் என்பதையாவது நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கணக்கு டீச்சர்:
எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'கணக்கு ஆசிரியை'. அதே ஏற்பாட்டாளர்கள் அடுத்த ஆண்டுக்கும் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சிக் குழுவில் இடம், பயணச்சீட்டை அவர்களே எடுத்துத் தருவது, காலை விறைப்பு அமர்வைப் பதினொரு மணிக்குத் தள்ளுவது என்று மூன்று கேட்டேன். நேற்று பதில் வந்தது. முதல் இரண்டுக்கும் சம்மதமாம். பதினொரு மணி தேநீர் இடைவேளையாம். அதை நகர்த்துவது பற்றிக் குழுதான் முடிவு செய்ய வேண்டுமாம். குழுவில்தான் இனி நானும் இருக்கிறேனே.