கிளமிடியா: பிசிஆர் நெகட்டிவ், ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ்

வயது 31, மதுரை. கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. பிப்ரவரியில் எடுத்த எச்எஸ்ஜி எக்ஸ்ரேயில் (கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்திப் பார்ப்பது) மருந்து வலது கருக்குழாய் வழியே மட்டும் புகைபோல வழிந்தது, இடதுபக்கம் அடைப்பு. உடலுறவில் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்றும் பாசிட்டிவ். வலி, வெள்ளைப்படுதல் எதுவும் ஒருநாளும் இருந்ததில்லை.

நானும் கணவரும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மி.கி. தினம் இரண்டு வேளை, 7 நாள் முடித்தோம். மூன்று மாதம் கழித்து, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிசிஆர் சோதனை நெகட்டிவ். ஆனால் ரத்தத்தில் ஐஜிஜி (கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி) இன்னும் பாசிட்டிவ்.

கிருமி போன பிறகும் இந்த ஆன்டிபாடி வருடக்கணக்கில் தங்கலாம் என்று படித்தேன். குழாயில் தழும்பு விழுவதற்கு நம் உடம்பின் எதிர்ப்பு கிளப்பும் அழற்சியே பெரும் காரணமாம். அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு டாக்டர் விட்டுவிடுங்கள் என்கிறார், இன்னொருவர் மறுபடி மாத்திரை எழுதுகிறார்.

பிசிஆர் நெகட்டிவாக இருக்கும்போது ஐஜிஜிக்காக மட்டும் மறுபடி மாத்திரை சாப்பிட வேண்டுமா?