மறுமொழி: டிரான்ஸ்ஆக்சிலுக்கு ‘இருசுப்பெட்டி’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வேகம் மாற்றும் கியர்களும், இரு சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருந்தால் அதற்கு டிரான்ஸ்ஆக்சில் என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதுதான் இந்த இழையின் பேச்சு.

> கியர்பெட்டி என்றே எழுதிவிட்டால் போதாதா? தனிச்சொல் எதற்கு?

கோவை அண்ணன் கேட்ட இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. தனிச்சொல் வேண்டும் என்பதற்கான காரணம் பட்டறையில் இருக்கிறது.

அம்பாசடர் மாதிரியான வண்டியில் இஞ்சினை ஒட்டிக் கியர்பெட்டி. அங்கிருந்து விசையைப் பின்னுக்குக் கொண்டுபோக நீளமாக ஒரு தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட். அது போய்ச் சேரும் பின்பக்கக் கூட்டுக்குள், அதாவது ஹவுசிங்குக்குள், பினியன் என்னும் சின்னப் பற்சக்கரம், அது சுழற்றும் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரம், டிஃபரன்ஷியல். பெட்டியும் இரண்டு, எண்ணெயும் இரண்டு. இந்த அமைப்பில் கை பழகியவர்களிடம் ஒரு சோதனை உண்டு. மற்ற கியர்களில் முனகும் வண்டி டாப் கியரில் அடங்கிவிட்டால் கோளாறு கியர்பெட்டியில். டாப்பிலும் முனகினால் பின்னால் ஹவுசிங்கில். டாப் கியரில் உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராகப் பூட்டிக்கொள்கின்றன, பற்களின் மேல் சுமை விழுவதில்லை. அதனால்தான் அந்தச் சோதனை பலிக்கிறது.

நான் எழுதிக்கொண்டிருக்கும் பழுதுபார்ப்புக் கட்டுரை போர்ஷே 944 பற்றியது. அந்தக் காரில் இந்தச் சோதனை பலிக்காது.

944, 1982 முதல் 1991 வரை வந்த கார். இஞ்சின் முன்னால். கியர்களும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், பின்சக்கரங்களுக்கு நடுவில். முன்னையும் பின்னையும் இணைப்பது டார்க் டியூப் என்னும் கெட்டிக் குழாய்; அதன் உள்ளே பேரிங்குகளின் மேல் ஒரு மெல்லிய தண்டு சுழல்கிறது. முன்பின் எடை ஏறக்குறைய சரிபாதியாக அமைவதற்காகச் செய்த ஏற்பாடு இது. 1976இல் வந்த 924இல் தொடங்கி 968 வரை இதே வழிதான். பெட்டி ஆடி (Audi) காரிலிருந்து வந்தது.

அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கியர் ஏறிய தண்டுகள் இரண்டே இரண்டு. இஞ்சினிலிருந்து வரும் தண்டு டிஃபரன்ஷியலைக் கடந்து பின்னால் போகிறது. அங்கே ஒரு ஜோடிப் பற்சக்கரம் வழியாக விசை அடுத்த தண்டுக்கு மாறி, திரும்பவும் முன்னோக்கி வருகிறது. அந்த இரண்டாம் தண்டின் முனையிலேயே பினியன் பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சாதாரண 944இல் பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 35. எந்தக் கியரில் போட்டாலும் ஏதோ ஒரு ஜோடி சுமை தாங்கியே ஆகவேண்டும். நேர்ப்பூட்டு என்ற ஒன்றே இந்தப் பெட்டியில் கிடையாது.

அதாவது பினியன் தேய்ந்து ஊளையிட்டால் கியர்தண்டையே வெளியே எடுக்கவேண்டும். எண்ணெயும் பொது, ஒரு பேரிங் உதிர்க்கும் இரும்புத்தூள் எல்லாப் பற்களுக்கும் போய்ச்சேரும். இப்படிப்பட்ட ஒன்றைக் ‘கியர்பெட்டி’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் பழைய சோதனையை நம்பித் தவறான இடத்தில் கைவைப்பார். ‘கியர்பெட்டியும் டிஃபரன்ஷியலும்’ என்று எழுதினாலும் கழற்றத்தக்க இரண்டு பொருள் என்றுதான் நினைத்துக்கொள்வார்.

சரி, அப்படியானால் சத்தத்தை எப்படிப் பிரித்தறிவது என்று மதுரைத் தம்பி கேட்டிருந்தார். கட்டுரையில் விரிவாக வரும், இங்கே சுருக்கமாக. வண்டி நின்றிருக்க, நியூட்ரலில், கிளட்ச் மிதியை விட்டிருக்கும்போது உறுமல் கேட்டு, மிதியை அழுத்தியதும் நின்றுபோனால், டார்க் டியூப் பேரிங்கோ பெட்டிக்குள் நுழையும் தண்டின் பேரிங்கோ காரணம். 944இல் கிளட்ச் முன்னால் இஞ்சினோடு இருப்பதால், மிதியை விட்டதும் டியூபுக்குள் இருக்கும் தண்டு முழுவதும் சுழல ஆரம்பித்துவிடும். இந்த இரண்டில் எது என்று தெரிய, வண்டியைத் தூக்கிவைத்து நீளமான ஸ்குரூடிரைவரின் முனையைக் குழாயில் ஓரிடம், பெட்டியின் முகப்பில் ஓரிடம் என்று வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கவேண்டும். உறுமல் எங்கே கரகரப்பாக ஏறுகிறதோ அங்கேதான் நோய். பெட்டியை இறக்குவதற்கு முன் இதைச் செய்தே ஆகவேண்டும். டியூப் பேரிங்குக்காகப் பெட்டியை மாற்றியவர்கள் நிறையப் பேர்.

ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடி. எல்லாக் கியரிலும், வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கி, ஆக்சிலரேட்டரை விட்டதும் சுருதி மாறும் ஊளை என்றால் கிரவுன் பினியன். ஓடும்போது மட்டும் கேட்டு, வளைவில் கூடிக் குறைந்தால் சக்கரத்து பேரிங்கைப் பாருங்கள். பெட்டியின் மேல் குற்றமில்லை.

பேரிங் மட்டும் போயிருந்தால் பழுதுபார்ப்பதுதான் என் பரிந்துரை. கிரவுன் பினியன் போயிருந்தால் வேறு கதை. ஒன்றோடு ஒன்று இழைத்துச் சேர்த்த ஜோடி என்பதால் ஒன்றை மட்டும் மாற்றமுடியாது. ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து இடைவெளி பார்த்து, பல்லில் நீலமை தடவிச் சுழற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று கவனிக்கத் தெரிந்த கை வேண்டும். அது கிடைக்காத ஊரில் நல்ல நிலையில் உள்ள பழைய பெட்டியை வாங்கிப் பூட்டுவதே மேல். வாங்கும்போது கூட்டில் பொறித்த குறியெழுத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். டர்போ மாடலின் பினியன் 8 பல், கிரவுன் 27. அதைச் சாதாரண 944இல் மாட்டினால் வண்டி இழுவையில்லாமல் சோர்ந்துவிடும்.

இனி சொல்லுக்கு வருவோம்.

குழுவில் வந்த ‘ஊடச்சு’, ‘குறுக்கச்சு’ இரண்டையும் விட்டுவிடலாம் என்பேன். மூலச்சொல்லில் வரும் ‘டிரான்ஸ்’ குறுக்கே என்ற பொருளில் தனியாக வரவில்லை, டிரான்ஸ்மிஷனின் தலைப்பாதி அது. ‘அச்சாணி’ கட்டாயம் கூடாது. அது சக்கரம் கழன்றுவிடாமல் முனையில் செருகும் ஆணி, ஆக்சில் ஆகாது.

ஆக்சிலுக்கு ‘அச்சு’ இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அச்சகமும் வார்ப்பச்சும் கணிதத்து அச்சும் அந்த ஒரு சொல்லின் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சேலத்து ஐயா எடுத்துக் கொடுத்த ‘இருசு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாட்டுவண்டியின் இரண்டு சக்கரங்களையும் தாங்கும் தண்டுக்குக் கிராமத்தில் இன்றும் அதுதான் பெயர், அகராதியிலும் உண்டு. வேறு பொருளோடு மோதுவதும் இல்லை. மாட்டுவண்டி இருசு சுழலாது, கார் ஆக்சில் சுழலும் என்று ஒருவர் மறுத்திருந்தார். ஆக்சில் என்ற சொல்லும் சுழல்வது, சுழலாதது இரண்டையும் குறிக்கிறது. அதனால் இதை ஒரு தடையாக நான் நினைக்கவில்லை.

> பல் + இருசு = பல்லிருசு. சின்னதாக, அழகாக இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனால் ‘பல்’ என்றால் பல என்றும் பொருள். பல்லுயிர், பல்கலை என்று வழங்குகிறோம். மல்ட்டி ஆக்சில் பேருந்து தினமும் ஓடும் நாட்டில் பல்லிருசு என்றால் அதைத்தான் எல்லோரும் நினைப்பார்கள். அந்தப் பேருந்துக்கே இந்தச் சொல்லை ஒதுக்கிவைக்கலாம்.

என் முன்மொழிவு ‘இருசுப்பெட்டி’. கியர்பெட்டி என்று ஏற்கெனவே வாயில் புழங்குவதால் ‘பெட்டி’ உறுத்தாது. ஒரே கூடு என்ற செய்தியும் அதிலேயே வந்துவிடுகிறது. இருசுப்பெட்டி எண்ணெய், இருசுப்பெட்டி இரைச்சல், பின்னிருசுப்பெட்டி என்று மேலே கட்டவும் வருகிறது. மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவை வண்டிக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம், அங்கேயும் கியரும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டில்தான்.

ஒரே ஒரு மறுப்பு எனக்கு வலுவாகப் படுகிறது. ரயில் பெட்டியில் ஆக்சிலின் முனையில் பேரிங்கைத் தாங்கும் கூட்டுக்கு ஆக்சில் பாக்ஸ் என்று பெயர், அதோடு குழம்பாதா என்று திருச்சி நண்பர் கேட்டார். அதை ‘இருசுமுனைக்கூடு’ என்று பிரித்துவிடலாம் என்று தோன்றுகிறது. ரயில்வே பணிமனையில் வேலை செய்பவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் அதற்கு என்ன சொல் புழங்குகிறது என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அகராதிப் பதிவை இறுதி செய்வோம். வரைவு இது:

இருசுப்பெட்டி (பெயர்ச்சொல்): வண்டியின் வேகமாற்றுப் பற்சக்கரங்களும், இரு சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள், பொதுவாக ஒரே எண்ணெயில் இயங்கும் அமைப்பு.

டிஃபரன்ஷியலுக்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம்.