நான்கு கருக்களை இரண்டாகக் குறைக்கச் சொல்வது முறையா?

வைகறை எழுதியது:

2015 மே மாதத்தில் பெர்லினில் 65 வயது ஆசிரியை ஒருவர் ஒரே பிரசவத்தில் நான்கு குழந்தைகளைப் பெற்றார். ஜெர்மனியில் கருமுட்டை தானத்துக்குச் சட்டம் இடம் தராததால் அவர் உக்ரைனுக்குச் சென்று, தானமாகப் பெற்ற கருமுட்டையும் விந்தும் கொண்டு கருத்தரித்திருந்தார். 26ஆம் வாரத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்து எடுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளின் எடை 655 கிராமுக்கும் 960 கிராமுக்கும் இடைப்பட்டது. நால்வரும் பிழைத்தார்கள் என்பதைக் கொண்டாடிய அளவுக்கு, அவர்கள் ஏன் இவ்வளவு வாரங்கள் முன்னதாகப் பிறக்க நேர்ந்தது என்பதை எவரும் பேசவில்லை.

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் செவிலியராகப் பணிபுரிந்தவள் என்ற முறையில் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். நான்கு கருக்கள் தங்கிவிட்டன என்று தெரிந்தவுடன், 11 முதல் 13 வாரங்களுக்குள், இரண்டின் இதயத்துடிப்பை ஊசியால் நிறுத்தி, அவற்றை இரண்டாகக் குறைக்கும்படி மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். ஒற்றைக் கர்ப்பம் 39 வாரம் வரை செல்கிறது. இரட்டையர் 35 வாரத்தை ஒட்டியும், மூவர் 32 வாரத்தை ஒட்டியும், நால்வர் 30 வாரத்தை ஒட்டியும் பிறக்கிறார்கள். கடைசியில் குறையும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலிலும் மூளையிலும் கண்ணிலும் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்வதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தாழம்பூ எழுதியது:

நீங்கள் சொல்லும் சராசரிக்குள் நானும் ஒருத்தி. 31 வாரத்தில் நான்கு பிள்ளைகளைப் பெற்றேன். நால்வரும் இன்று நான்காம் வகுப்பு படிக்கிறார்கள். கருக்குறைப்புக்கு நான் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் அலைந்து கருத்தரித்த ஒருத்தியிடம், “இருவரை வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது எவ்வளவு கனமான சொல் என்பதை ஸ்கேன் அறையின் எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவர்கள் அறியமாட்டார்கள். அந்த ஊசியினால் மொத்தக் கர்ப்பமும் கலைந்துபோகும் வாய்ப்பு உண்டு என்பதையும் நீங்கள் எழுதவில்லை. குறைத்தவர்களையும் குறைக்காதவர்களையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் கிடையாது. இருப்பவை எல்லாம் தாங்களாகவே ஒரு முடிவை எடுத்த பெண்களைப் பின்னாளில் எண்ணிப் பார்த்தவைதான்.

வைகறை எழுதியது:

சகோதரி, உங்கள் பிள்ளைகள் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் இத்தகைய விவாதத்துக்கு எழுத வருபவர்கள் பெரும்பாலும் நல்லபடியாக வீடு திரும்பியவர்கள்தாம். மற்றவர்களுக்கு எழுதும் மனநிலை இருப்பதில்லை. சீட்டுக் குலுக்கும் ஆய்வை இந்த விஷயத்தில் எந்தத் தாயும் ஏற்கமாட்டார், ஆகவே அது இல்லை என்பதையே ஆதாரமாகக் காட்ட முடியாது. குறைத்தபின் கர்ப்பம் கூடுதல் வாரங்கள் நீடிக்கிறது என்பதில் பல நாட்டு மருத்துவமனைகளின் பதிவுகள் ஒத்துப்போகின்றன.

அதோடு, தாயை மறந்துவிட்டுக் குழந்தைகளை மட்டுமே பேசுகிறோம். அளவுக்கு மீறி விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்க மறுப்பதால் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தசோகை ஆகியவை எல்லாம் கருக்களின் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறுகின்றன. முழு ஓய்வில் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்று வீட்டிலுள்ளோர் நம்புகிறார்கள். அதனால் பிரசவம் தள்ளிப்போவதாக எந்த ஆய்விலும் உறுதிப்படவில்லை, காலில் இரத்தம் உறையும் ஆபத்து மட்டும் கூடுகிறது.

கடலோரன் எழுதியது:

மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இருவரும் விவாதத்தை இரண்டு மாதம் தாமதமாகத் தொடங்குகிறீர்கள் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் மூன்றும் அதற்கு மேலுமான பிறப்புகள் 1998இல் 1,00,000 பிறப்புகளுக்கு 193.5 என்ற உச்சத்தைத் தொட்டு, அடுத்த இருபது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கின. ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும்) முறையில் கருப்பைக்குள் வைக்கும் கருக்களின் எண்ணிக்கையைக் குறைத்தது அதற்கு முக்கியக் காரணம். கருக்குறைப்பு ஊசியை மட்டும் நம்பியிருந்தால் அந்த இறக்கம் வந்திருக்காது.

ஆனால் நால்வர் உருவாக ஐவிஎஃப் தேவையில்லை. முட்டை வளர்ச்சிக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, இயல்பாகவோ ஐயூஐ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் முறை) வழியாகவோ கருத்தரிக்கும்போது எத்தனை முட்டைகள் வெடித்தன என்பது எவர் கையிலும் இல்லை. செயற்கைக் கருத்தரிப்பு குறித்த நமது 2021ஆம் ஆண்டுச் சட்டம் விந்தையோ முட்டையையோ உடலுக்கு வெளியே கையாளும் முறைகளைத்தான் ஒழுங்குபடுத்துகிறது. ஊசி போட்டு “இந்தத் தேதியில் சேருங்கள்” என்று வீட்டுக்கு அனுப்புவது அதன் வரையறைக்குள் வருவதில்லை. முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேனில் நன்கு வளர்ந்த முட்டைகள் மூன்றைத் தாண்டினால் அந்த மாதத்தைக் கைவிட வேண்டும். செலவு செய்தாகிவிட்டது, தம்பதியும் கெஞ்சுகிறார்கள் என்பதற்காக அதைச் செய்யாமல் விட்ட மருத்துவர்களில் நானும் ஒரு காலத்தில் இருந்தேன்.

தாழம்பூ எழுதியது:

ஐயா, எனக்கு நடந்தது அதுவேதான். நான்கு முட்டைகள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, “நல்ல வாய்ப்பு” என்று வாழ்த்தியும் அனுப்பினார்கள். அந்த மாதம் விட்டுவிடலாம் என்று எவராவது சொல்லியிருந்தால், அழுதிருப்பேன், ஆனால் கேட்டிருப்பேன். ஒரு மாதத்தை இழப்பதும் இரண்டு உயிர்களை இழப்பதும் ஒரு தாய்க்கு ஒன்றல்ல.

வைகறை அவர்களே, நீங்கள் தாயைப் பற்றிச் சொன்னதால் நானும் சொல்கிறேன். பிள்ளைகள் இன்குபேட்டர் பெட்டியில் இருந்த 47 நாட்களும், பிறகு கண்விழித்திரைப் பரிசோதனைக்கு நால்வரையும் தூக்கிக்கொண்டு அலைந்த மாதங்களும், என் கணவர் வேலையை விட்ட ஆண்டும் உங்கள் புள்ளிவிவரத்தில் எந்தக் கட்டத்திலும் வராது. கணக்கில் நான் “நல்ல முடிவு”. மறுத்ததற்காக வருந்தவில்லை, ஆயினும் என் தங்கைக்கு இதே நிலை வந்தால் மறுத்துவிடு என்று சொல்லமாட்டேன்.

வைகறை எழுதியது:

இதை நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தால் நானும் வேறு தொனியில் எழுதியிருப்பேன். பரிந்துரைக்க வேண்டும் என்பதிலிருந்து நான் பின்வாங்கவில்லை. வற்புறுத்தக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: உங்களிடம் அந்த யோசனை சொல்லப்பட்டபோது, நான்கு கருக்களுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடியா, அல்லது இரண்டு ஒன்றைப் பகிர்ந்திருந்தனவா என்று விளக்கினார்களா? பகிர்ந்திருந்தால் வழக்கமான பொட்டாசியம் குளோரைடு ஊசியைப் போட முடியாது, மருந்து இரத்த ஓட்டத்தின் வழியே மற்றக் குழந்தைக்கும் போய்விடும்.

தாழம்பூ எழுதியது:

இல்லை. “நான்கு” என்று மட்டும்தான் சொன்னார்கள். இருவர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்திருந்தனர் என்பதை, வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டிஸ்சார்ஜ் சீட்டில்தான் படித்தேன்.