மே விடுமுறையில் சந்திரதால் ஏரிக்குப் போக இயலுமா?

காட்பாடிவாசி:
இமாச்சலத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்திரதால் ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது என் தந்தையின் நெடுநாள் ஆசை. அவருக்கு 63 வயது; நாள்தோறும் கோட்டைப் பூங்காவில் நடக்கிறவர். மகளுக்கும் பள்ளி விடுமுறை என்பதால், மே இரண்டாம் வாரத்தில் மணாலி வழியாக ஐந்தே நாளில் போய்வர எண்ணியுள்ளேன். சென்றுவந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஆரணி நண்பன்:
மே மாதம் வேண்டாம், ஐயா. இங்கே கத்திரி வெயில் காயும் அந்நாள்களில் அங்கே குன்சும் கணவாய் பனி மூடிக் கிடக்கும். பனியை அகற்றிச் சாலையைத் திறக்கப் பெரும்பாலும் ஜூன் ஆகிவிடும், அதற்குள் நம் பள்ளிகளும் திறந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு அச்சம் உண்டு. காலாண்டுத் தேர்வு விடுமுறையே உங்களுக்குப் பொருந்தும். இரவுக் குளிர் கடுமையாக இருக்கும் என்பதால் கம்பளி உடைகளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குடியாத்தத்தான்:
மாதத்தைவிட அந்த ஐந்து நாள் கணக்குதான் எனக்குக் கவலை தருகிறது. வேலூர் ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏலகிரியே 1,100 மீட்டர் அளவுதான். ஏரி இருக்கும் உயரத்திலோ காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 விழுக்காடுதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும். நாங்கள் 2,050 மீட்டரில் உள்ள மணாலியில் காலையில் கிளம்பி அன்றிரவே ஏரிக்கு அருகில் தங்கினோம். அழைத்துச் சென்றவர் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. என் மனைவி விடியும்வரை தலைவலியிலும் வாந்தியிலும் துடித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. கீழே இறங்கிய பிறகே தேறினார். சிம்லா, கல்பா வழியாக மெல்ல ஏறி, ஸ்பிதியிலுள்ள காசா ஊரில் இரண்டு இரவாவது தங்கிய பின் ஏரிக்குச் செல்லுங்கள். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கத் தரும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தரவேண்டாம்.

காட்பாடிவாசி:
மிக்க நன்றி. காலாண்டு விடுமுறைக்கே மாற்றி, பத்து நாளாக வைத்துக்கொள்கிறேன். தந்தையை முன்னதாகவே மருத்துவரிடம் காட்டிவிடுவேன். திரும்பும்போது மணாலி வழியாக இறங்கலாமா?

ஆம்பூர் பயணி:
தாராளமாக இறங்கலாம், மூச்சுத் தொல்லை ஏறும்போதுதான். ஆனால் ஏரியிலிருந்து மணாலிக்கு வரும் வழியிலுள்ள படால் தாண்டிய சாலையில் ஓடைகள் குறுக்கிடும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அவற்றில் நீர் பெருகும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இன்னொன்று: 2005 முதல் அந்த ஏரி ராம்சார் ஈரநிலம் (பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் காக்கப்படும் நீர்நிலை), கரையில் கூடாரம் போடத் தடை உண்டு. வண்டி நிற்கும் இடத்திலிருந்து சிறிது தொலைவு நடக்க வேண்டும். தந்தையை அவசரப்படுத்தாமல், நின்று நின்று அழைத்துச் செல்லுங்கள்.