350 ரூபாய்க்கு வாங்கிய கம்பளிக் கோட்டு: வாடையும் போகவில்லை, அம்மாயியின் கோபமும் போகவில்லை

முதல் பஸ்:

வணக்கம். நான் ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீடு கோத்தகிரி பக்கம், டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயன், அதாவது தொழிலாளர் வரிசை வீடு. முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் வகுப்புக்கு நேரத்துக்குப் போக முடியும். இந்த ஜனவரியில் அந்த நேரத்தில் தேயிலைச் செடி மேலெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. அதனால் கம்பளி என்பது எனக்கு முதலில் தேவை, அப்புறம்தான் ஸ்டைல்.

ஆனால் ஸ்டைலும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. லயனில் ஐந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அதில் மாதம் 500 ரூபாயை உடுப்புக்கென்று ஒதுக்குவேன். அந்தக் காசில் புதுக்கடையில் ஒரு நல்ல ஸ்வெட்டர்கூட வராது. மார்க்கெட் பக்கம் நடைபாதையில் பழைய துணி விற்கிற அண்ணா ஒருவர் இருக்கிறார். துணி மூட்டையை, அதாவது பேல், பிரிக்கிற அன்று போனால் குவியலைக் கிளறிப் பொறுக்கலாம். சீசன் நாட்களில் போகவே மாட்டேன். ஸ்வெட்டர் இல்லாமல் மலையேறி வந்தவர்கள் நடுங்கிக்கொண்டே கேட்ட விலையைக் கொடுத்துவிடுவார்கள், விலை ஏறிவிடும்.

இதுவரை கிடைத்ததில் எனக்குப் பிடித்தவை: 120 ரூபாய்க்குப் பழுப்பு நிற ஆண்கள் கார்டுராய் பேன்ட், இடுப்பை மட்டும் பிடித்துக்கொண்டேன். 80 ரூபாய்க்குப் பாசிப்பச்சை நிறத்தில் கையில்லாத ஸ்வெட்டர். இரண்டையும் சாதாரணக் காட்டன் குர்தாவோடு போடுவேன். எடுக்கும்போது நிறத்தைப் பார்ப்பதற்கு முன் கண்ணை மூடித் தொட்டுப் பார்ப்பேன். பிறகு உள்பக்கம் திருப்பித் தையல், அக்குள், ஜிப். கடைசியாக வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் பூச்சி அரித்த ஓட்டை தெரிந்துவிடும்.

இப்போது விஷயம். டிசம்பர் கடைசியில் ஒரு கோட்டு கிடைத்தது. ஆண்கள் கோட்டு, பழுப்பும் சாம்பலும் கலந்து மீன்முள் மாதிரி நெய்தது. கனம். உள்பையில் ஒரு நெய்த லேபிள்: உருண்டை, அதன் மேல் சிலுவை, கீழே ஆங்கிலத்தில் ஹாரிஸ் ட்வீட். 350 சொன்னார், பேரமே பேசவில்லை. லைனிங் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது, தோள் எனக்கு ஒரு இஞ்ச் அகலம், கை மூன்று இஞ்ச் நீளம். பெட்டிக்குள் பல வருஷம் கிடந்த மாதிரி ஒரு ஈர வாடை. காலருக்கு அடியில் லேசாகப் பூஞ்சை.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவின் அம்மா, என் அம்மாயி, திண்ணையிலேயே நிறுத்திவிட்டார். "மத்தவன் கழிச்ச துணிய கட்டுறதுக்கா நாங்க கப்பலேறி வந்தோம்? அதுவும் கங்காணி கோட்ட தூக்கிட்டு வந்திருக்க" என்றார். பேன்ட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் முணுமுணுப்போடு விட்டவர், இதற்கு மட்டும் இப்படி. மூன்று வாரமாகக் கோட்டு விறகுக் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது.

கேட்க வேண்டியது இரண்டு. இதை எப்படிச் சுத்தம் செய்வது, எவ்வளவு தூரம் ஆல்டர் செய்யலாம்? அம்மாயியிடம் எப்படிப் பேசுவது? திருப்பிக் கொடுத்துவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தக் கோட்டைப் போட்டு நின்ற ஐந்து நிமிஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

பெட்ஃபோர்டு தையல்:

தங்கச்சி, முதலில் ஒன்று. தண்ணீரில் போட்டுவிடாதே. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதே. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி இருக்கும். சூடும் அலசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி இறுகிச் சுருங்கும், அப்புறம் யாராலும் விரிக்க முடியாது. குன்னூரில் எங்கள் கடைக்கு அப்படிச் சின்னப்பிள்ளை அளவுக்குச் சுருங்கி வந்த கோட்டைப் பார்த்திருக்கிறேன்.

லேபிள் உண்மை என்றால் உனக்குக் கிடைத்தது சாதாரணப் பொருள் இல்லை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் தீவுகளில், நெசவாளர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துக் கையால் நெய்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். அதற்கென்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1993-இல் தனிச் சட்டமே போட்டது. லேபிளைக் கழற்றித் தைத்து ஏமாற்றுபவர்களும் உண்டு என்பதால் துணியையும் சோதித்துப் பார். உள் தையலோரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவிச் சாமணத்தில் பிடித்துக் கொளுத்து. கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். அந்த 80 ரூபாய் ஸ்வெட்டரிலும் செய்து பார்.

ஆல்டரேஷன். தோளைத் தொடாதே. உள்ளே கேன்வாஸ், பேட், கைக்குழி எல்லாம் அங்கேதான் சேர்கின்றன, பிரித்தால் கோட்டையே மறுபடி தைப்பது போல. ஒரு இஞ்ச் அகலம் உன் வயசுக்கு அழகாகவே இருக்கும். கையை நுனியில் மூன்று இஞ்ச் எடுக்கலாம், பக்கத் தையலில் இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கலாம். லைனிங்கை ஒட்டுப்போடாமல் முழுதாக மாற்று, இரண்டேகால் மீட்டர் பிடிக்கும். விஸ்கோஸ் துணி கேட்டு வாங்கு. பாலியஸ்டர் போட்டால் வேர்வை உள்ளேயே நிற்கும். இனிமேல் கோட்டு பொறுக்கும்போது தோளை மட்டும் பார். மற்றதெல்லாம் தையல்காரன் பாடு.

ஊட்டி விலங்கியல்:

அதே கல்லூரிதான் நானும். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஆனால் முதலில் பூச்சியைக் கவனியுங்கள். சொறி சிரங்கு உண்டாக்கும் உண்ணி மனிதத் தோலை விட்டு வெளியே 2, 3 நாளுக்கு மேல் பிழைக்காது. உங்கள் கோட்டு மூன்று வாரம் தொங்கிவிட்டது, அந்தக் கவலை வேண்டாம். மூட்டைப்பூச்சி வேறு, பல மாதம் சாப்பாடு இல்லாமல் இருக்கும். மடிப்பு, காலர் அடி, பை ஓரம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துக் கரும்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. முட்டை கண்ணுக்குத் தெரியாது. ஐஸ் பெட்டி இருக்கும் வீட்டில் கேட்டு, காற்றுப்புகாமல் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைக்கலாம். நம் உறைபனி அதற்குப் போதாது, பகலில் வெயில் வந்ததும் எல்லாம் எழுந்துவிடும்.

கோடை ஞாயிறு:

கண்ணு, வாடை பற்றி நான் சொல்கிறேன். முப்பது வருஷமாகக் கொடைக்கானலில் இருக்கிறேன், பழைய கம்பளியோடுதான் குடித்தனம். இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய்கறி வாங்கப் போய்த் துணிக் குவியலில் நின்றுவிடுவது என் வழக்கம். வீட்டைக் காலி செய்து போகும் வெளிநாட்டுக்காரர்கள் விற்றுவிட்டுப் போனதிலும் வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி என்பது உனக்கு அதிர்ஷ்டம். ஜூலையில் வாங்கியிருந்தால் இந்தப் பூஞ்சை கோட்டு முழுக்கப் பரவியிருக்கும். காற்று வீசும் நிழலில், அகலமான ஹேங்கரில் நாலு நாள் தொங்கவிடு. நேர் வெயிலில் நாள் முழுக்க விட்டால் நிறம் மங்கும். பூஞ்சையை வாசலில் வைத்து, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் இழைப்போக்கிலேயே தேய். வீட்டுக்குள் தேய்த்தால் தூள் எல்லாத் துணியிலும் உட்காரும். அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, உள்பக்கம் லேசாகத் தூவி மறுபடி காயவிடு. முதலில் ஒரு மூலையில் தூவிச் சாயம் போகிறதா பார்த்துக்கொள். வினிகர் வாடை அதுவாகப் போய்விடும், போகும்போது பழைய வாடையையும் கூட்டிக்கொண்டு போகும். விறகுக் கொட்டகையில் வைக்காதே மா, ஈரமும் பூச்சியும் அங்கேதான்.

நாப்தலின் உருண்டை போட்டால் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பஞ்சில் இரண்டு சொட்டு யூக்கலிப்டஸ் தைலம், பைக்குள் வை. உன் ஊரில் அது கிடைக்காத கடையே கிடையாது. எண்ணெய் நேராகத் துணியில் படக்கூடாது.

இன்னொன்று. மலையில் கம்பளி கம்பளிதான். தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் மேலே ஈரமாகத் தெரியாது. மூடுபனியில் நடந்து வந்தால் அக்ரிலிக்குக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குத் தெரியும்.

தலைமன்னார் 72:

பேத்தி, எல்லாரும் துணியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் உன் அம்மாயியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அந்தக் கோட்டைத் தெரியும்.

1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டதில், இலங்கையில் இருந்த தோட்டத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். அதில் நானும் ஒருவன். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். உன் அம்மாயி வந்ததும் அப்படித்தான் இருக்கும். தகரப் பெட்டி ஒன்று, பாய் ஒன்று. டேன்டீயே எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க உண்டானது.

அங்கே தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, மேலே கோட்டு போட்டிருப்பார். எங்களுக்குத் தோட்டத்தில் கொடுத்த கம்பளி, பெண்களுக்கு இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி. குளிரில் நடுங்காமல் நின்ற ஆள் அவர் ஒருத்தர்தான். கணக்கப்பிள்ளை கொழுந்தை எடை போட்டு, குறைந்தால் அரை நாள் கூலி மட்டும் என்று அரைப்பேர் போடும்போது அந்தக் கோட்டு பக்கத்தில் நிற்கும். என் அம்மா அதைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்து தலையைக் குனிந்துகொள்வாள். எனக்கு அப்போது எட்டு வயசு. அந்தக் காலரும் அந்தக் குனிவும் ஒன்றாகவே என் மனசில் தங்கிவிட்டன.

அதனால் உன் அம்மாயி சொன்னதை வயசானவர்களின் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதே. "கழிச்ச துணி" என்றது ஒரு வலி, "கங்காணி கோட்டு" என்றது வேறு வலி. இரண்டையும் சேர்த்துச் சமாதானம் சொல்லப் பார்க்காதே. கங்காணி யார், அவர் கோட்டு எப்படி இருந்தது என்று கேள். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காதே. அடுப்படியில் உட்கார்ந்து கேள்.

முதல் பஸ்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

இழையைக் கொளுத்தினேன், முடி நாற்றம், பொடிச் சாம்பல். கம்பளிதான். பச்சை ஸ்வெட்டர் உருகிக் கறுப்பு மணியானது, பனிக்கு அதை நம்ப மாட்டேன், ஆனால் நிறத்துக்காக வைத்துக்கொள்கிறேன். டார்ச் அடித்ததில் மூட்டைப்பூச்சி எதுவும் இல்லை. ஃப்ரீசருக்கு ஹாஸ்டல் தோழியின் அத்தை வீட்டில் கேட்டிருக்கிறேன். கோடை அம்மா சொன்னபடி காற்றில் விட்டு, தேய்த்து, இரண்டு தடவை வினிகர் தூவினேன். வாடை முக்கால்வாசி போய்விட்டது.

தாத்தா, நீங்கள் சொன்ன மாதிரி அடுப்படியில் கேட்டேன். அம்மாயி முதலில் பேசவில்லை. தேங்காய்ச் சில்லைக் கீறிக்கொண்டே இருந்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஒரு மழை நாளில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெரிய கங்காணி முன்னால் அவர் ஒரு மணி நேரம் நின்றாராம், பெண்ணுக்குக் காய்ச்சல், ஒரு நாள் லீவு கேட்டு. அந்தப் பெண் அம்மாயிதான். "கோட்டு நனையல, அப்பாதான் நனைஞ்சாரு" என்றார். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

மறுநாள் அவரே கொட்டகைக்குப் போய்க் கோட்டைப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் என்னிடம், "அது கறுப்பு. இது வேற துணி. ஆனா அந்தக் கழுத்து அதேதான்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

பெட்ஃபோர்டு அண்ணா, காலரை எடுத்துவிட முடியுமா?

பெட்ஃபோர்டு தையல்:

கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது உண்மை. அந்தத் துணியில் கத்தரி வைக்க மனசு வராது. ஆனால் தாத்தா எழுதியதைப் படித்த பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

வெட்ட வேண்டாம், பிரிக்கலாம். காலரைத் தையல் பிரித்து முழுதாக எடுத்துவிட்டு, முன்னால் மடிந்திருக்கும் லேப்பலை உள்பக்கம் திருப்பி, நீராவி கொடுத்து அழுத்திக் கையால் தைத்தால் காலர் இல்லாத கழுத்தாகிவிடும். துணி கனம் என்பதால் ஓரம் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். அந்த ஓரத்தில் ஒரு பட்டி வைத்து மறைக்கலாம். எடுத்த காலரை ஒரு கவரில் போட்டு உன்னிடமே கொடுத்துவிடுவேன். லேபிள் உள்பையில் இருந்த இடத்திலேயே இருக்கும். கை, இடுப்பு, லைனிங், கழுத்து எல்லாம் சேர்த்து 900 ஆகும், உனக்கு 650. லைனிங் துணி நீயே வாங்கி வா.

முதல் பஸ்:

சரி அண்ணா. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கொண்டு வருகிறேன், வகுப்பு மத்தியானம் முடிகிற ஒரு புதன்கிழமையாகப் பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு வேறு எதுவும் வாங்கப் போவதில்லை. லைனிங் நிறத்தை அம்மாயியிடம் கேட்டேன். "அதெல்லாம் என்னைக் கேக்காத" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மெரூன் என்றால் அழுக்கு தெரியாது என்றார்.