'மேட்ச்' மாதிரி வேறு என்ன சொற்கள் இருக்கின்றன?

எல்லோருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே சொல்லுக்கு அகராதியில் ஏன் இத்தனை பொருள் என்று கேட்கிறார்கள். விளக்க உங்கள் உதவி வேண்டும்.

'மேட்ச்' என்பதை எடுத்திருக்கிறேன். கிரிக்கெட் மேட்ச், புடவைக்கு மேட்சான பிளவுஸ், பொருத்தமான வரன் எல்லாம் ஒரே வேர்தான். பழைய ஆங்கிலத்தில் அது துணை, ஜோடி என்று பொருள்படும் சொல். சரிக்குச் சரியான இருவர் மோதுவதால் ஆட்டத்துக்கும் அந்தப் பெயர்.

தீக்குச்சியைக் குறிக்கும் மேட்ச் முற்றிலும் வேறு குடும்பம். விளக்குத் திரிக்கான பழைய பிரெஞ்சுச் சொல் அது. அப்புறம் பழைய துப்பாக்கிகளின் திரிக்கும் அதே பெயர் போனது. திரியாக இருந்த கயிறு மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் அதன் நுனி வெடிமருந்தில் இறங்கும். கந்தகம் தோய்த்த குச்சியையும் அப்படியே அழைத்தார்கள். உரசினாலே பற்றும் குச்சியை 1827இல் இங்கிலாந்தில் விற்கத் தொடங்கியவர் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர். எனக்கு மிகவும் பிடித்த கதை இது!

இதேபோல, வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒரே எழுத்துக்கூட்டலில் சேர்ந்துவிட்ட எளிய சொற்கள் தேவை. கிரிக்கெட் பேட்டும் வௌவாலைக் குறிக்கும் பேட்டும் கிடைத்துவிட்டன. 'பேங்க்' வேண்டாம், ஆற்றங்கரையும் வங்கியும் கடைசியில் ஒரே ஜெர்மானிய வேருக்குத்தான் போகின்றன. சொல்லோடு அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதையும் அகராதி பார்த்து எழுதுங்கள். பிள்ளைகள் தினமும் புழங்கும் சொல்லாக இருந்தால் ரொம்ப நல்லது.